தப்பான பதிலிலிருந்து தொடங்கும் படிப்பு: இளங்கலையில் குழந்தை உளவியல்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் கிளம்புகிற கேள்விகளில் இது ஒன்று: "எனக்குக் குழந்தைங்கன்னா ரொம்பப் பிடிக்கும், சைல்ட் சைக்காலஜி படிக்கணும், சென்னையில எந்தக் காலேஜ்ல இருக்கு?" கேட்கிற பிள்ளைக்குப் பக்கத்திலேயே அம்மாவோ அப்பாவோ இருப்பார்கள், அவர்களுடைய கேள்வி வேறு: "இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" இரண்டுக்கும் பதில் உண்டு, சொல்கிறேன். ஆனால் நடுவில் யாரும் கேட்காமல் விட்டுவிடுகிற கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த மூன்று வருடத்தில் உண்மையில் என்னதான் கற்றுக்கொள்வோம்? எனக்கு அதைப் பற்றிப் பேசத்தான் ஆசை. அதனால் முதல் கேள்வியைச் சீக்கிரமாக முடித்துவிடுகிறேன்.

குழந்தை உளவியல் என்ற பெயரிலேயே ஒரு டிகிரி தேடி அலைய வேண்டாம். இங்கே வழக்கமான பாதை பிஎஸ்சி சைக்காலஜிதான். காமராஜர் சாலையில் மாநிலக் கல்லூரி, நுங்கம்பாக்கத்தில் மகளிர் கிறித்தவக் கல்லூரி, எழும்பூரில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் என்று சென்னையில் இந்தப் படிப்பு இருக்கும் கல்லூரிகள் பல. சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறை 1943-லேயே தொடங்கப்பட்டது, ஆக இந்த ஊருக்கு உளவியல் புதுசு இல்லை. பிளஸ் டூவில் எந்தக் குரூப் படித்தவர்கள் சேரலாம் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும், ப்ராஸ்பெக்டஸைப் பார்த்துக்கொள்ளுங்கள். சேர்ந்த பிறகு வளர்ச்சி உளவியல் என்ற பேப்பர் ஒன்று அல்லது இரண்டு செமஸ்டரில் வரும். கருவில் இருக்கும் சிசுவில் தொடங்கி முதுமை வரை போகிற பேப்பர் அது, அதில் பெரும்பகுதி குழந்தைப் பருவம். கூடவே பொது உளவியல், மூளையும் நரம்பு மண்டலமும், சமூக உளவியல், மனநலக் கோளாறுகளைப் பற்றிய பிறழ்வு உளவியல், லேபில் பிராக்டிக்கல், அப்புறம் புள்ளியியல்.

புள்ளியியல் என்றதும் நிறையப் பேர் முகம் சுருங்கும். குழந்தைகளைப் பற்றிப் படிக்க வந்த எனக்குக் கணக்கு எதற்கு என்று கேட்பார்கள். ஒரு வீட்டில் பிள்ளைக்கு 14 மாதம் ஆகிவிட்டது, இன்னும் நடக்கவில்லை, எதிர்வீட்டுப் பிள்ளை 10 மாதத்திலேயே ஓடுகிறது என்று பாட்டி கவலைப்படுகிறார் என்று வையுங்கள். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாட்டுக் குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2006-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. பிடிமானம் இல்லாமல் தனியாக நடக்கும் வயது சராசரியாக 12 மாதம் சொச்சம், ஆனால் நன்றாக வளர்கிற குழந்தைகளிலேயே அது ஏறக்குறைய 8 மாதத்திலிருந்து 17 மாதத்துக்கும் மேல் வரை பரவிக் கிடந்தது. சராசரியை மட்டும் தெரிந்தவர் பாட்டியின் பயத்தைக் கூட்டிவிடுவார், பரவலும் தெரிந்தவர்தான் நிதானமாகப் பதில் சொல்வார். அதற்குத்தான் அந்தப் பேப்பர்.

சரி, விஷயத்துக்கு வருவோம். குழந்தை உளவியலின் அடிப்படையை ஒரே விஷயத்தில் சொல் என்றால், குழந்தை சொல்லும் தப்பான பதிலில் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்பதைத்தான் சொல்வேன். நமக்குப் பள்ளிக்கூடம் பழக்கிவிட்டது வேறு. சரியான பதிலுக்கு டிக், தப்பான பதிலுக்குச் சிவப்புக் கோடு, அதோடு முடிந்தது. 1920 வாக்கில் பாரிஸில், குழந்தைகளுக்கான அறிவுத்திறன் சோதனைகளைச் சீர்செய்யும் வேலைக்கு ஓர் இளைஞர் போனார். சுவிட்சர்லாந்துக்காரர், 1896-இல் பிறந்தவர், நத்தை வகைகளை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியிருந்தவர், பெயர் ஜான் பியாஜே. சரியான பதில்களை எண்ணுவதுதான் அங்கே அவருடைய வேலை. அவர் கவனித்ததோ, ஏறக்குறைய ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரியாகத் தப்புப் பண்ணுகிறார்கள் என்பதை. தெரியாமல் உளறினால் ஆளுக்கொரு மாதிரி உளற வேண்டும். எல்லோரும் ஒரே திசையில் தப்புப் பண்ணினால் அவர்களுக்குள் ஏதோ ஒரு நியாயம் ஓடுகிறது, அது பெரியவர்களுடைய நியாயம் இல்லை, அவ்வளவுதான். ஏன் அப்படிச் சொன்னாய் என்று குழந்தைகளிடமே கேட்க ஆரம்பித்தார். இந்தப் பாடம் இன்றைக்கு இருக்கும் வடிவத்தில் பெரும்பகுதி அந்தக் கேள்வியிலிருந்து முளைத்தது.

பியாஜே செய்த சோதனை ஒன்றை வைத்து இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரே அளவுள்ள இரண்டு எவர்சில்வர் டம்ளரில் சமமாக மோர் ஊற்றி, நாலு வயதுக் குழந்தையிடம் இரண்டும் ஒரே அளவா என்று கேளுங்கள். ஆமாம் என்று ஒத்துக்கொண்டதும், அது பார்க்கப் பார்க்கவே ஒரு டம்ளர் மோரை ஒல்லியான உயரமான கண்ணாடி கிளாஸில் மாற்றுங்கள். இப்போது எதில் அதிகம்? பெரும்பாலும் கிளாஸைக் காட்டும். தோசையிலும் நடக்கும்: முழுத் தோசை ஒன்று, நாலாகப் பிய்த்த தோசை ஒன்று என்று வைத்தால் நாலு துண்டுதான் நிறைய. அண்ணனுக்கு நாலு வைத்துவிட்டு எனக்கு ஒன்றுதான் வைத்தாய் என்று அழும் குழந்தை பொய்யும் சொல்லவில்லை, பேராசையும் படவில்லை. அதன் கண்ணுக்கு எது முந்தித் தெரிகிறதோ, உயரமோ எண்ணிக்கையோ, அதை வைத்துத்தான் முடிவெடுக்கிறது. இரண்டு அளவுகளை ஒரே நேரத்தில் மனதில் நிறுத்தி, உயரம் கூடியது ஆனால் அகலம் குறைந்தது என்று கணக்குப் போட இன்னும் வரவில்லை. ஏழு வயதுப் பிள்ளையைக் கேட்டால், திருப்பி ஊற்றினால் அதே அளவுதானே வரும் என்று சொல்லிவிடும்.

இந்த மாற்றங்களைப் பியாஜே நான்கு கட்டமாகப் பிரித்தார்: முதல் இரண்டு வருடம் புலனாலும் அசைவாலும் உலகை அறிவது, ஏழு வயது வரை சொல்லும் கற்பனையும் பெருகும் காலம், பதினொன்று வரை கண்முன் இருப்பதை வைத்துத் தர்க்கம் செய்வது, அதற்குப் பிறகு கண்முன் இல்லாததையும் வைத்து யோசிப்பது. பரீட்சைக்கு இதை மனப்பாடம் செய்துவிடுவீர்கள், அது பெரிய விஷயமில்லை. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, பியாஜேவை மற்றவர்கள் எப்படிச் சரிபார்த்தார்கள் என்பது.

பியாஜே தம் மூன்று பிள்ளைகளைக் கூர்ந்து பார்த்தே குழந்தையின் முதல் இரண்டு வருடத்தைப் பற்றி நிறைய எழுதினார். அந்தக் கூர்மைக்கு ஈடு இல்லை, ஆனால் மூன்று பிள்ளைகள் உலகத்துப் பிள்ளைகள் ஆகிவிட மாட்டார்கள். 1970-களில் ஸ்காட்லாந்தில் மெக்காரிகிள், டொனால்ட்சன் என்ற இருவர் அவருடைய இன்னொரு சோதனையைத் திரும்பச் செய்தார்கள். இரண்டு வரிசையில் சம எண்ணிக்கையில் வில்லைகளை அடுக்குவது, ஒரு வரிசையை நீட்டிப் பரப்புவது, எதில் அதிகம் என்று மறுபடி கேட்பது. வழக்கமாகச் சின்னப் பிள்ளைகள் நீளமான வரிசையைக் காட்டுவார்கள். இவர்கள் ஒன்றே ஒன்றை மாற்றினார்கள். வரிசையைப் பெரியவர் கலைக்காமல், ஒரு குறும்புக்காரக் கரடி பொம்மை வந்து கலைத்துவிடுகிற மாதிரி செய்தார்கள். நாலு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளில் இப்போது எவ்வளவோ அதிகம் பேர் சரியாகச் சொன்னார்கள்.

ஏன்? அதே கேள்வியை ஒரு பெரியவர் இரண்டாம் முறை கேட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று நம் ஊர்ப் பிள்ளைகள் யாரையாவது கேளுங்கள். மிஸ் ஒரு கேள்வி கேட்டு, பதில் சொன்னதும் மறுபடி "எவ்வளவு?" என்றால், முதலில் சொன்னது தப்பு என்று அர்த்தம், உடனே மாற்றிச் சொல்லிவிட வேண்டும். டியூஷனில் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தாலே இது தெரியும். அப்படியானால் பெரியவர் தாமே வரிசையைக் கலைத்துவிட்டு, அதே கேள்வியைத் திரும்பக் கேட்டபோது, குழந்தை வில்லைகளைப் பற்றியா யோசித்தது, பெரியவருக்கு என்ன வேண்டும் என்று யோசித்ததா? ரொம்பச் சின்ன வயதில் எண்ணிக்கையிலும் அளவிலும் தடுமாற்றம் உண்மையிலேயே இருக்கிறது, ஆனால் அதில் ஒரு பங்கு நம் கேள்வியால் வந்தது. தப்பான பதில் வந்தால் குழந்தையின் மனதைப் பார், கூடவே உன் கேள்வியையும் பார். இந்தப் படிப்பில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான், ஒரு மாணவர் இதை மட்டும் உள்வாங்கிக்கொண்டு வெளியே வந்தாலும் மூன்று வருடம் வீணாகவில்லை என்பேன்.

பேசத் தெரியாத கைக்குழந்தையிடம் கேள்வி கேட்க முடியாதே என்றால், அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். எதிர்பாராதது நடந்தால் குழந்தை அதிக நேரம் உற்றுப் பார்க்கும். 1980-களில் ரெனே பயார்ஷான் என்ற உளவியலாளர் இதை வைத்துச் செய்த சோதனைகளில், நாலைந்து மாதக் குழந்தைகள்கூடத் திரைக்குப் பின்னால் மறைந்த பொருள் அங்கேயே இருப்பதாக எதிர்பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. ஒளித்து வைத்த பொருளைக் கையால் தேடுவதை வைத்துப் பியாஜே சொன்ன வயது எட்டு மாதத்தை ஒட்டி. கை தேடுவதற்கு முன்பே கண் தேடத் தொடங்கிவிடுகிறது.

இதையெல்லாம் படிக்கிற மாணவர் கையில் கிடைக்கும் முதல் கருவி நோட்டும் பேனாவும்தான். நல்ல ஆசிரியர் கிடைத்தால் ஏதாவது ஓர் அங்கன்வாடிக்கோ பிளே ஸ்கூலுக்கோ அனுப்பி, அனுமதி வாங்கி, ஓரமாக உட்கார்ந்து பார்த்ததை எழுதிவரச் சொல்வார். பார்த்ததை எழுதுவது சுலபம் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டு போவார்கள். ஒரே நிகழ்ச்சியை இரண்டு பேர் எழுதுகிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் குறிப்பு இப்படி: "நாலு வயதுப் பையன் முரட்டுத்தனமாக இருந்தான். பொம்மைக்காகச் சண்டை போட்டான். பகிர்ந்துகொள்ளத் தெரியவில்லை." இன்னொருவர் குறிப்பு: "10.20. பையன் தரையில் உட்கார்ந்து ஐந்து மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறான். பக்கத்தில் இருந்த பெண் மேலே இருந்த சிவப்புக் கட்டையை எடுக்கிறாள். 'ஏய், அது என் வீடு' என்கிறான். அவள் திரும்பவில்லை. அவள் கையைப் பிடித்து இழுக்கிறான். கட்டைகள் சரிகின்றன. ஆயா 'சண்டை போடாதீங்க' என்கிறார். பையன் ஆயாவைப் பார்க்கிறான், கையை விட்டுவிட்டுச் சுவரோரமாகப் போய் நிற்கிறான். 10.22."

முதல் குறிப்பில் பையனைக் காணோம், எழுதியவருடைய எரிச்சல்தான் இருக்கிறது. இரண்டாவதில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். கட்டையை வீடாக்கிப் பார்க்கும் கற்பனை இருக்கிறது. முதலில் வாயால்தான் சொல்லிப் பார்த்தான், அது எடுபடாத பிறகுதான் கை நீண்டது. பெரியவர் குரல் கேட்டதும் தன்னை நிறுத்திக்கொள்ளவும் தெரிந்திருக்கிறது. கட்டையை எடுத்தவள் யார் என்று ஆயா கேட்கவில்லை என்பதும் அதில் பதிவாகியிருக்கிறது. "அடம்", "முரடு", "சமத்து", "மந்தம்" மாதிரிச் சொற்களைக் குறிப்பிலிருந்து எடுத்துவிட்டு, கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுதப் பழகுவதற்கே ஒரு செமஸ்டர் ஆகும். ரெக்கார்டு நோட்டில் மார்க் வாங்குவதற்காக இதை வீட்டில் உட்கார்ந்து கற்பனையாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள், பிறகு எதைப் படித்தும் பயன் இல்லை.

அடுத்து பற்றுதல், அதாவது குழந்தை தன்னை வளர்ப்பவரோடு கொள்ளும் பாசப் பிணைப்பு. ஜூன் மாதம் எல்கேஜி வாசலில் அம்மாவின் துப்பட்டாவை விடாமல் அழும் குழந்தைகளைப் பார்த்து, இது ரொம்பச் செல்லம், அது தைரியசாலி என்று ஆளாளுக்குச் சொல்வோம். பற்றுதல் கோட்பாட்டை வகுத்தவர் ஜான் பவுல்பி என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர். அவரோடு வேலை செய்த மேரி எய்ன்ஸ்வொர்த் 1950-களில் உகாண்டாவில் தாய்களையும் குழந்தைகளையும் அவர்கள் வீட்டிலேயே போய்ப் பார்த்தவர். பிற்பாடு அமெரிக்காவில் சுமார் 20 நிமிடச் சோதனை ஒன்றை வடிவமைத்தார். ஒரு வயதை ஒட்டிய குழந்தை, புது அறை, பொம்மைகள், முன்பின் தெரியாத ஒரு பெண். அம்மா வெளியே போவார், திரும்பி வருவார், மறுபடி போவார், வருவார். இதில் அவர் முக்கியமாகப் பார்த்தது அம்மா போகும்போது குழந்தை அழுகிறதா என்பதை அல்ல, திரும்பி வந்ததும் என்ன செய்கிறது என்பதை. அம்மாவிடம் ஓடி, தூக்கச் சொல்லி, ஆறுதலாகி, மறுபடி விளையாடப் போகிறதா? அப்படியென்றால் பற்றுதல் பத்திரமாக இருக்கிறது, முன்னால் எவ்வளவு அழுதிருந்தாலும் சரி. ஆகவே காலை 9 மணி அழுகையை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள்.

ஆனால் இதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். இதே சோதனையை வடக்கு ஜெர்மனியில் செய்தபோது அம்மாவைக் கண்டும் காணாததுபோல் இருந்த குழந்தைகள் அதிகம், ஜப்பானில் செய்தபோது சமாதானமே ஆகாமல் அழுத குழந்தைகள் அதிகம். ஜெர்மன் தாய்கள் மோசம், ஜப்பான் குழந்தைகள் பலவீனம் என்றா சொல்வது? ஜப்பானில் அந்த வயதுக் குழந்தையை அம்மா விட்டுப் பிரிவதே அபூர்வம், அதனால் அந்தச் சோதனை அதற்கு மற்றக் குழந்தைகளைவிடப் பெரிய அதிர்ச்சி. நம் வீடுகளையும் நினைத்துப் பாருங்கள். அம்மா ஐடி கம்பெனியில் ஷிப்டு, குழந்தை பகல் முழுக்கத் தாத்தா பாட்டியோடு, சாயங்காலம் மாடி வீட்டு அக்காவோடு. அது அம்மா ஒருவரோடு மட்டும் பற்றுதல் கொள்ளும் என்று எதிர்பார்ப்பதே பொருந்துமா? 2010-இல் ஹென்ரிக்கும் அவருடைய சகாக்களும் எழுதிய ஒரு கட்டுரை, உளவியல் ஆய்வுகளில் பெரும்பாலானவை மேற்கத்திய, படித்த, வசதியான சமூகங்களின் மனிதர்களை வைத்தே நடந்தவை என்று சுட்டிக்காட்டியது. சென்னையில் இதைப் படிக்கும் ஒருவர் ஒவ்வொரு பாடத்தையும் வியாசர்பாடியிலும் மயிலாப்பூரிலும் வளரும் பிள்ளைகளின் மேல் பொருத்திப் பார்த்தபடியே படிக்க வேண்டும். பாடப்புத்தகம் அதைச் செய்து தராது.

இப்போது கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய ஒன்று. இரண்டாம் வருடத்தில் ஆட்டிசம், ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு, வாசிப்பதில் சிரமம் தரும் டிஸ்லெக்சியா பற்றியெல்லாம் படித்ததும், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் ஓடியாடும் பிள்ளைகளை எல்லாம் ஏதாவது ஒரு பெயருக்குள் அடைக்கத் தோன்றும். வாயைத் திறக்காதீர்கள். அத்தை "என் பேரன் பேசவே மாட்டேங்கிறான், நீதான் சைக்காலஜி படிக்கிறியே, அவனுக்கு என்னம்மா?" என்று கேட்டால், "குழந்தைகள் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டுங்க அத்தை, சீக்கிரம் காட்டுறது நல்லது" என்பதுதான் உங்கள் பதில். தானா சரியாயிடும் என்றும் சொல்லாதீர்கள். அறிவுத்திறனை அளக்கும் பினே காமத் சோதனை, அன்றாடத் திறன்களை அளக்கும் வைன்லாந்து சமூக முதிர்ச்சி அளவுகோல் மாதிரி இங்கே புழக்கத்தில் இருக்கும் சோதனைகளைப் பார்க்கும் வாய்ப்பு கிடைக்கலாம், ஆனால் அவற்றை வைத்து ஒரு குழந்தைக்கு எண் போட்டு எழுதித்தர உங்களுக்கு உரிமை இல்லை. இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம் 1992-இல் வந்தது. மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொண்டு வேலை பார்க்க அந்தக் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும்.

இன்டர்ன்ஷிப் போகும்போது இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். உங்களோடு பழகிய குழந்தை, தனக்கு நடந்த பாலியல் கொடுமையை உங்களிடம் முதன்முதலாகச் சொல்லலாம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-இன் போக்சோ சட்டப்படி, இப்படி ஒன்று தெரியவந்தவர் யாராக இருந்தாலும் காவல்துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும், மாணவர் என்பதற்காக விலக்கு இல்லை. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று குழந்தைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள், தூண்டித் துருவிக் கேள்வி கேட்காதீர்கள், அது சொன்ன சொல்லை அப்படியே குறித்துக்கொண்டு அன்றைக்கே உங்கள் மேற்பார்வையாளரிடம் போங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் எப்போதும் நினைவில் இருக்கட்டும்.

பெற்றோருடைய கேள்விக்கு வருகிறேன். பிஎஸ்சி முடித்த கையோடு குழந்தைகளுக்குக் கவுன்சலிங் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பள்ளிகளில் கவுன்சலர் வேலைக்குப் பெரும்பாலும் முதுகலை கேட்பார்கள். மருத்துவ உளவியல் என்றால் அதற்கும் மேல் பயிற்சி வேண்டும், அந்த விதிகள் சமீப வருடங்களில் மாறிக்கொண்டே வருகின்றன, சேரும் வருடத்தில் மறுவாழ்வுக் கவுன்சிலின் இணையதளத்தை நேரடியாகப் பார்ப்பது நல்லது. குறைந்தது ஐந்து வருடப் படிப்பு என்று மனதில் வைத்துப் பணத்தையும் திட்டமிடுங்கள். அஞ்சல் வழியில் சைக்காலஜி படிக்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம், 2025 ஜூலை, ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து தொலைதூர, ஆன்லைன் முறையில் உளவியல் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி நிறுத்திவிட்டது.

முதுகலையில் எந்தப் பக்கம் போவது என்பதை வகுப்பறைக்குள் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது, கோட்டூர்புரத்தில் குறைபாடு உள்ளவர்களோடு வேலை செய்யும் வித்யாசாகர் அமைப்பு இருக்கிறது, கற்றல் சிரமம் உள்ள பிள்ளைகளுக்காக மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் பல வருடமாக வேலை செய்கிறது. மூன்றாம் வருடத்துக்குள் இப்படிப்பட்ட இடங்களில் ஒன்றிலாவது கல்லூரிக் கடிதத்தோடு போய் அனுமதி கேட்டு, சில வாரங்கள் இருந்து பாருங்கள். சிலருக்கு அங்கே போன பிறகுதான் தமக்குச் சிறப்புக் கல்வி பொருந்தும் என்று தெரியும், சிலருக்குப் பள்ளி உளவியல், சிலருக்கு ஆராய்ச்சி. குழந்தைகளோடு நாள் முழுக்க இருக்க முடியவில்லை என்று தெரிந்தால் அதுவும் நல்லதுதான், அதே பிஎஸ்சியை வைத்துக்கொண்டு நிறுவன உளவியல் பக்கமோ மனிதவளம் பக்கமோ தாராளமாகப் போகலாம்.